இர்மா எதைச் சாத்தினாள்?

அதியமான்கோட்டை,
10 ஜூன் 2024

அன்புள்ள லூர்து,

உன் கைப்பேசி இரண்டு வாரமாக அணைந்து கிடக்கிறது. அழைத்தால் பதிவு செய்த குரல் ஒன்று வருகிறது. அந்தப் பெண்ணுக்கு லகரமும் ளகரமும் ஒன்றுதான். அதைக் கேட்டுக்கொண்டிருப்பதைவிடத் தாளும் பேனாவும் மேல் என்று உட்கார்ந்துவிட்டேன். கான்வென்டில் நம் இருவருக்கும் முட்டி சிவக்கச் சிவக்கக் கற்றுக்கொடுத்த கையெழுத்தாவது வீணாகாமல் இருக்கட்டும்.

நான் நலம். இவர் போனபிறகு தோட்டத்தையும் காரையும் கோவிந்தன்தான் பார்த்துக்கொள்கிறான். இரண்டையும் சுமாராகப் பார்த்துக்கொள்கிறான்.

நேற்று டிவியில் 'ஒன்பதாம் சுற்று' பார்த்தாயா? உங்கள் பக்கம் கரண்ட் போயிருந்தால் என்று சுருக்கமாகச் சொல்கிறேன். அந்தக் கோளின் சிவப்புத் தூசு மூச்சில் ஏறியதிலிருந்து விண்கப்பல் மெக்கானிக் கோல் வெறிபிடித்துத் திரிகிறான் அல்லவா? நேற்று ஸ்பானரால் சமையல்காரனின் மண்டையைப் பிளந்துவிட்டான். கப்பலில் அந்தப் பக்கம் எடையில்லாத இடம் என்பதால் இரத்தம் கீழே விழாமல் உருண்டை உருண்டையாக மிதந்தது. நான் இட்டிலித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன். பிறகு தன் மனைவியைத் தேடிக்கொண்டு காற்றறைக்குள் ஓடி வந்தான். கப்பலுக்கும் வெளியே இருக்கும் வெட்டவெளிக்கும் நடுவில் இருக்கிறதே, அந்தச் சின்ன அறை. அவனைப் பெற்ற தாய், டாக்டர் இர்மா, உள்பக்கத்துப் பொத்தானை அழுத்திவிட்டாள். அவன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டான். இவள் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்து ஒரே ஒரு சொல் சொல்கிறாள்: "சாத்திட்டேன்."

எதை? தமிழில் குரல் கொடுத்தவர்களுக்குச் செயப்படுபொருள் என்று ஒன்று இருப்பது தெரியாதா? நம் வகுப்பில் இப்படி எழுதியிருந்தால் சுழித்து ஓரத்தில் கேள்விக்குறி போட்டிருப்பார்கள்.

இர்மா ஏன் அப்படிச் செய்தாள் என்று இரவு முழுக்க யோசித்தேன். கப்பலைக் காப்பாற்ற என்பார்கள். நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். தான் பெற்றது இப்படி நிற்பதை நாலு பேர் பார்க்கிறார்களே என்ற கௌரவம்தான் அவள் விரலை அழுத்த வைத்தது. பெற்றவள் உள்ளே போய் அவன் கையைப் பிடித்திருக்க வேண்டும். பிள்ளையின் முகத்தில் கதவைச் சாத்துகிறவள் என் கணக்கில் தாயே இல்லை.

உன் கருத்தை எழுது. உன் மருமகள் எழிலரசிக்கும் பேத்தி காவியாவுக்கும் என் அன்பு.

உன்,
ஜானகி


பாப்பிரெட்டிப்பட்டி,
14 ஜூன் 2024

அன்புள்ள ஜானகி,

உன் கடிதத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. உறையின் மேல் எழுதிய முகவரிக்குக்கூட அடிக்கோடு போட்டிருக்கிறாய்.

கைப்பேசி தண்ணீர்த் தொட்டியில் விழுந்துவிட்டது. சின்னராஜ் வேறு வாங்கித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். அவனுக்கும் நேரமில்லை. தக்காளி ஏற்றிக்கொண்டு பெங்களூருக்குப் போவதும் வருவதுமாக இருக்கிறான். எழில் துணி துவைக்கிற கல்லில் வழுக்கி விழுந்து மணிக்கட்டில் கட்டுப் போட்டிருக்கிறாள். மற்றபடி கர்த்தர் புண்ணியத்தில் எல்லோரும் சுகம்.

தொடரைப் பார்த்தேன். கோலை நீ இவ்வளவு வெறுக்க வேண்டாம். தூசு இறங்கிவிட்டால் அவன் நல்லவன். போன வாரம் காலையில் மனைவிக்குத் தலை வாரிவிட்டானே, அந்தக் காட்சியை மறந்துவிட்டாயா? அவள் ஏன் அவனோடு இருக்கிறாள் என்பதற்கு அது போதும் என்று நினைக்கிறேன்.

இர்மா ஏன் சாத்தினாள் என்று நீ கேட்கிறாய். எனக்கு அந்தக் கேள்வியே தோன்றவில்லை. சமையல்காரனின் மண்டை உடையும்போது அவள் இரண்டடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஏன் நின்றாள்? ஏன் பார்த்துக்கொண்டே நின்றாள்? நான் அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு வேடிக்கை கேள். காவியா என் மடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இர்மா "சாத்திட்டேன்" என்றதும் என் முகத்தைத் திருப்பி, "அந்தம்மா யாரைச் சாத்துச்சு பாட்டி? பெல்ட்டுலயா?" என்று கேட்டாள். நான் சிரித்துவிட்டேன். எழில் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

தபாலிலேயே எழுது. தபால்காரர் பகலில்தான் வருகிறார், அது வசதி.

அன்புடன்,
லூர்துமேரி


அதியமான்கோட்டை,
17 ஜூன் 2024

லூர்து,

உன் கடிதத்தில் எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. இருந்தும் அது நேர்மையான கடிதம் அல்ல.

ஒரே பத்தியில் கைப்பேசி விழுகிறது, மருமகளும் விழுகிறாள். நீ இந்த அளவுக்குக் கவனக்குறைவான வீடு நடத்தியவள் அல்ல. அடுத்து அந்தக் குழந்தை. கதவு மட்டும் சாத்தப்படுகிற வீட்டில் வளர்ந்த குழந்தை அந்தச் சொல்லைக் கேட்டதும் கதவைப் பார்க்கும். உன் பேத்தி ஆளைத் தேடுகிறாள், பெல்ட்டைக் கேட்கிறாள். அவளுக்கு அந்தச் சொல்லுக்கு ஒரு பொருள்தான் தெரிந்திருக்கிறது. அதை நீ வேடிக்கை என்று எழுதுகிறாய்.

கல்யாணத்தன்று என் காலில் விழுந்து கும்பிட்ட பையன் உன் பிள்ளை சின்னராஜ். "பெரியம்மா, எழில நல்லா வெச்சிக்குவேங்க" என்றான். நான் கேட்காமலே சொன்னான்.

இரண்டே கேள்வி. சின்னராஜ் எழிலை அடிக்கிறானா? உன்னையும் அடிக்கிறானா? கோல், தூசு என்று சுற்றி வளைக்காமல் பதில் எழுது. கோவிந்தனிடம் கார் தயாராக இருக்கிறது. மூன்று பேரும் கிளம்பி இங்கே வந்துவிடுங்கள். நான்கு அறையில் ஒருத்தி இருக்கிறேன்.

நேற்றைய பகுதியில் கோல் இன்னும் காற்றறைக்குள்தான் இருக்கிறான். குரலைத் தேன் மாதிரி ஆக்கிக்கொண்டு பேசுகிறான். அடுத்த ஞாயிறு கடைசிப் பகுதியாம். இர்மாவைப் பற்றி நான் எழுதியதில் மாற்றம் எதுவும் இல்லை. நான் எழுதியதை அடிப்பதில்லை என்பது உனக்குத் தெரியும்.

ஜானகி


பாப்பிரெட்டிப்பட்டி,
24 ஜூன் 2024

அன்புள்ள ஜானகி,

உன் இரண்டு கேள்விக்கும் ஆமாம்.

நேற்று பூசை முடிந்து வந்து தொடர் பார்க்க உட்கார்ந்தோம். சின்னராஜ் குடித்துவிட்டு வந்தான். குழம்பு ஆறிப்போயிருந்தது. அவ்வளவுதான் காரணம். தோசைக்கல்லை எடுத்து எழிலை நோக்கி வீசினான். அவள் குனிந்தாள், அது டிவியில் போய் விழுந்தது. இர்மா பொத்தானில் கை வைத்திருந்த நேரம். திரை உடைந்து கறுத்துவிட்டது. தான் டிவியை உடைத்துவிட்டோம் என்பதே அவனுக்கு மேலும் கோபம். எழிலின் தலைமயிரைக் கையில் சுற்றிப் பிடித்துச் சுவரில் மோதினான். இரண்டாவது மோதலில் அவள் காதிலிருந்து இரத்தம் வந்தது. மிதக்கவில்லை ஜானகி. இங்கே கீழேதான் விழுகிறது. அதை நான்தான் துடைத்தேன்.

நடுவில் போய் நின்றேன். "நீ தள்ளும்மா, உன்ன ஒண்ணும் பண்ணமாட்டேன்" என்றான். தள்ளவில்லை. அறைந்தான். ஒரு கடைவாய்ப் பல் போய்விட்டது. காவியா கட்டிலுக்கு அடியில் காதைப் பொத்திக்கொண்டு, "அப்பா சாத்துறாரு, அப்பா சாத்துறாரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

இன்று விடியற்காலையில் வண்டி எடுத்துக்கொண்டு போனான். சனிக்கிழமை வருவான். போகும்போது எழிலிடம் மெதுவாகச் சொன்னான். கத்தியிருந்தால் நான் இவ்வளவு பயந்திருக்கமாட்டேன். "வந்து உன்ன முடிச்சிட்டுத்தான்டி மறுவேல பாப்பேன்." அவன் சொன்னதைச் செய்வான்.

உன் வீட்டுக்கு வர எழில் மறுக்கிறாள். அங்கேயும் வருவான், அந்த அம்மாவையும் அடிப்பான் என்கிறாள். அவள் அம்மா வீட்டிலும் தம்பி அருண்குமார் ஒருவன்தான் ஆண்பிள்ளை. நானும் ஓடுவதாக இல்லை. இந்த வீடு என் வீட்டுக்காரர் ராஜப்பன் என் பெயரில் கட்டியது. கதவைச் சாத்திக்கொண்டு அவனை உள்ளே விடாமல் இருந்தால் எழில் பிழைப்பாள். திறந்தால் பிழைக்கமாட்டாள். தெரிகிறது. சாத்த முடியுமா என்பதுதான் தெரியவில்லை.

கௌரவம் என்று எழுதியிருந்தாய். அது சரி. ஆனால் கௌரவத்துக்காக நான் கதவைச் சாத்தவில்லை, வாயைச் சாத்தினேன். மூன்று வருடமாக. முகத்தில் கதவைச் சாத்துகிறவள் தாயே இல்லை என்றும் எழுதியிருந்தாய். அந்த வரியை மடித்த இடம் கிழிகிற அளவுக்குப் படித்துவிட்டேன்.

எனக்கு ஒன்று மட்டும் எழுது. கடைசியில் இர்மா திறந்தாளா? சிரிக்காதே. அவளும் ஒரு பிள்ளையைப் பெற்றவள். அவள் என்ன செய்தாள், ஏன் செய்தாள் என்று எனக்குத் தெரிய வேண்டும். பக்கத்து வீட்டுச் சுகுணாவிடம் இதைத் தபாலில் போடக் கொடுக்கிறேன்.

லூர்து


அதியமான்கோட்டை,
26 ஜூன் 2024

அன்பு லூர்து,

இதைக் கோவிந்தன் கையில் கொடுத்தனுப்புகிறேன். கூடவே ஓர் இரும்புத் தாழ்ப்பாளோடு தச்சு ஆசாரியும் வருகிறார். வாசல் கதவுக்குப் போடச் சொல். எழிலை முதலில் டாக்டரிடம் அழைத்துப் போ, காதை அலட்சியம் செய்யாதே. மகளிர் காவல் நிலையத்தின் எண்ணை உறையின் பின்னால் எழுதியிருக்கிறேன். சுகுணாவின் கைப்பேசியில் அதை இப்போதே போட்டு வைக்கச் சொல்.

இனி நீ கேட்டது.

இர்மா திறக்கவில்லை.

கோல் முதலில் கண்ணாடியைத் தட்டினான். பிறகு கெஞ்சினான். பிறகு அழுதான். "அம்மா, பசிக்குது" என்றான். இர்மா பொத்தானில் இருந்து கையை எடுத்துவிட்டுக் கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துகொண்டாள். அவன் ஸ்பானரால் அடித்த ஒவ்வொரு அடியும் அவள் முதுகில் அதிர்ந்தது. அவள் அசையவில்லை. கோலின் மனைவி எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் மீட்புக் கப்பல் வந்து வெளிப்பக்கம் வழியாக அவனை விலங்கிட்டுக் கொண்டுபோனது. உயிரோடு. அப்போதுதான் இர்மா எழுந்தாள்.

ஏன் செய்தாள்? உள்ளே பிழைக்க வேண்டிய ஒருத்தி இருந்தாள். அதற்குமேல் காரணம் தேட வேண்டியதில்லை. முன்பு நான் எழுதியதை அடித்துவிடு. நீயே உன் பேனாவால் அடித்துவிடு.

என் கண்ணால் பார்த்ததைத்தான் எழுதியிருக்கிறேன். நான் எப்படிப்பட்டவள் என்று உனக்குத் தெரியும்.

உன்,
ஜானகி


பாப்பிரெட்டிப்பட்டி,
8 ஜூலை 2024

அன்புள்ள ஜானகி,

எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும். வலது கையில் மாவுக்கட்டு. இடது கையால் எழுதுகிறேன். கான்வென்டில் இதற்கு அடி விழுந்திருக்கும்.

அந்தச் சனிக்கிழமை மதியம் சாப்பாட்டு நேரத்துக்கு வந்தான். வண்டிச் சத்தம் கேட்டதும் எழிலையும் காவியாவையும் உள் அறையில் விட்டுவிட்டு நீ அனுப்பிய தாழ்ப்பாளைப் போட்டேன். புதுத் தாழ்ப்பாள், பெரிய சத்தத்தோடு விழுந்தது. "யாரு வூட்டுக்குடி தாப்பா போடுறீங்க" என்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினான். பிறகு வண்டியிலிருந்து வீல் ஸ்பானரை எடுத்து வந்து அடிக்க ஆரம்பித்தான். நான் கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துகொண்டேன். நீ எழுதியிருந்த மாதிரியே.

அடித்தான். பிறகு நிறுத்தினான். கதவின் கீழ்ச் சந்தில் வாயை வைத்து, "அம்மா, பெங்களூர்ல இருந்து சாப்புடாம வரேம்மா. பசிக்குதும்மா. தெறம்மா" என்றான். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வந்து பேசுகிற அதே குரல். என் கை தாழ்ப்பாளுக்குப் போய்விட்டது, ஜானகி. சத்தியமாகப் போய்விட்டது. இர்மாவும் இதே சொல்லைக் கேட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள், திறக்கவில்லை என்று நினைத்தேன். கையை இறக்கினேன்.

நான் திறக்கமாட்டேன் என்று தெரிந்ததும் மறுபடி ஆரம்பித்தான். மேல்பலகை பிளந்துவிட்டது. பிளவு வழியாகக் கையை விட்டுத் தாழ்ப்பாளைத் தேடினான். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். ஸ்பானரால் என் முழங்கைக்குக் கீழே அடித்தான். எலும்பு முறிகிற சத்தம் விறகு முறிகிற மாதிரிதான் இருக்கிறது. மறுகையால் பிடித்துக்கொண்டேன். சுகுணா கூப்பிட்ட போலீஸ் வரும்வரை எத்தனை அடி என்று எண்ணவில்லை. இப்போது அவன் சேலத்தில் சிறையில் இருக்கிறான். எழில் இருக்கிறாள். ஒரு காது கேட்காது என்று சொல்லிவிட்டார்கள். மற்றபடி இருக்கிறாள்.

இனி உன்னிடம் கேட்க வேண்டியது.

ஆஸ்பத்திரியில் எனக்குத் துணைக்கு இருந்த அருண்குமார், பொழுது போகட்டும் என்று தன் கைப்பேசியில் 'ஒன்பதாம் சுற்று' கடைசிப் பகுதியைப் போட்டுக் காட்டினான். இர்மா திறந்துவிட்டாள். கோல் அவள் கையைப் பிடித்து முத்தமிட்டான். பிறகு அதே கையை முறுக்கி அவள் கழுத்தை நெரித்தான். பிறகு தன் மனைவியை. மீட்புக் கப்பல் வந்தபோது உள்ளே ஒருவரும் உயிரோடு இல்லை. "அம்மா, பசிக்குது" என்று அவன் எங்கேயும் சொல்லவில்லை. அது நீ எழுதியது.

ஒற்று விட்டுப்போனதற்கு என்னோடு ஒரு வாரம் பேசாமல் இருந்தவள் நீ. உன்னிடமிருந்து ஒரு முழுப் பக்கப் பொய். ஜானகி ஏன் எழுதினாள் என்று யோசிப்பதுதான் இப்போது நான் பார்க்கிற தொடர். எங்களைக் காப்பாற்ற என்று எழில் சொல்கிறாள். தான் முன்பு எழுதியதைத் தன் கையால் அடிக்கக் கௌரவம் இடம் கொடுக்காமல் இர்மாவின் கையை வைத்து அடித்திருக்கிறாள் என்று ஒரு நாள் எனக்குத் தோன்றுகிறது. மறுநாள் இரண்டும்தான் என்று தோன்றுகிறது. ஆனால் பசிக்குது என்று சொல்வான் என்பது மட்டும் உனக்கு எப்படித் தெரிந்தது? பிள்ளை பெறாதவள் நீ. அதை நீ யோசித்துக் கண்டுபிடித்திருக்கிறாய் என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

உண்மையை எழுதியிருந்தால் நான் திறந்திருப்பேன். இர்மாவே திறந்தாள், நான் யார் என்று திறந்திருப்பேன். அதனால் உனக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். சொல்கிறேன். ஆனால் சாப்பாட்டு வேளையில் தட்டை எடுக்கும்போதெல்லாம் அந்தச் சந்திலிருந்து அவன் குரல் வருகிறது. உன் எழுத்தில் அல்லவா முதலில் கேட்டேன், அதனால் உன் முகமும் கூடவே வருகிறது. கோவிந்தன் நீ பார்க்க வரப் போவதாகச் சொன்னான். இப்போது வர வேண்டாம். நானே எழுதுகிறேன். எப்போது என்று தெரியாது.

நேற்று ஆசாரி வந்து உடைந்த பலகையை மாற்றிக் கொடுத்தார். வேலை முடிந்ததும் கதவைச் சாத்திப் பார்த்து, "சாத்தியாச்சும்மா" என்று உள்ளே குரல் கொடுத்தார். காவியா கட்டிலுக்கு அடியில் ஓடவில்லை. என் பக்கம் திரும்பி, "கதவையா பாட்டி?" என்று கேட்டாள்.

கதவைத்தான் என்றேன்.

லூர்துமேரி