நாற்சந்தி வீடு

பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

உன் சின்னவன் எழுதுகிறேன். நீ சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். நம்பத்தான் முடியும், அம்மா போனதிலிருந்து நீ என் போனை எடுப்பதே இல்லையே. கையால் கடிதம் எழுதிப் பல வருஷம் ஆகிறது. எழுத்து கோழி கிளறியது மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள். என் விரலைப் பிடித்து எழுதப் பழக்கியவள் நீதான், ஆகவே பாதிக் குற்றம் உன்னுடையது.

நீ நகர மன்ற உறுப்பினர் ஆகிவிட்டாய் என்று, நம் வீட்டை விலை பேசும் பில்டர் சொன்னார். மருந்துக் கடையில் நின்றபடியே ஓட்டுச் சேர்த்துவிட்டாயாமே. யாருக்குச் சர்க்கரை, யாருக்குப் பிரஷர் என்று அத்தனையும் தெரிந்தவளை எதிர்த்து எவன் நிற்பான்?

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். ஊரின் நடுப்பகுதியில் இரண்டு மாடிக்கு மேல் கட்டக் கூடாது என்ற விதியை மாற்றி, எட்டு மாடி வரை விடலாமா என்று மன்றம் யோசிக்கிறதாம். நம் வீடு நாற்சந்தியில் நட்டநடுவில் இருக்கிறது. எட்டு மாடிக்கு அனுமதி வந்தால் பில்டர் மறுநாளே வாங்கிக்கொள்வார். அதை வைத்துத்தான் இங்கே எனக்கென்று ஒரு வீடு பார்த்திருக்கிறேன். இரண்டு அறையில் நாலு பேர் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு கிடக்கிறோம், பிள்ளைகள் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டார்கள். மன்றத்தில் நாலு பேர் இந்தப் பக்கம், நாலு பேர் அந்தப் பக்கம், உன் ஓட்டுதான் தீர்மானிக்கும் என்கிறார்கள்.

பழசை மனசில் வைத்துக்கொள்ளாதே அக்கா. அன்றைக்கு எல்லாம் அவசரத்தில் நடந்துவிட்டது. அம்மா இருந்திருந்தால், "அவன் சின்னவன், விட்டுக் குடு" என்றுதான் உன்னிடம் சொல்லியிருப்பாள்.

என்றும் உன்,
சின்னவன்

பிப்ரவரி 20

தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். முழங்கால் வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் எழுத்து அழகாகத்தான் இருக்கிறது. நான் பழக்கிய கைதானே. பூட்டை மாற்றியதும் அதே கைதான் என்று படிக்கும்போது ஞாபகம் வந்தது.

பழசை மனசில் வைத்துக்கொள்ளாதே என்கிறாய். வேறு எங்கே வைப்பது? நான் குடியிருப்பது மருந்துக் கடை மாடியில் ஒற்றை அறை. முதலாளியின் அட்டைப்பெட்டிகள் போக மிச்சத்தில் ஒரு கட்டில், ஒரு அடுப்பு. பழசை வைக்க மனசைத் தவிர இடம் கிடையாது.

அவசரத்தில் நடந்தது என்றும் எழுதியிருக்கிறாய். உனக்கு மறந்திருந்தால் நான் சொல்கிறேன். வீட்டில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று ஒரு காகிதம் நீட்டினாய். "சும்மா ஒரு ஃபார்மாலிட்டிக்கா. நீ எப்பவும் போல இங்கயே இரு" என்றாய். கையெழுத்துப் போட்டேன். மறுநாள், அம்மாவுக்காக ஆஸ்பத்திரியில் இரவல் வாங்கியிருந்த இரும்புக் கட்டிலை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். வாசலில் புதுப் பூட்டு. என் துணிமணி, குக்கர், அம்மாவின் மூக்குக்கண்ணாடி எல்லாம் இரண்டு சாக்கில் படியில் கிடந்தன. நீ விமானம் ஏறப் போய்விட்டாய். எதிர்ப்பக்கத்துப் பேக்கரிக்காரர்தான் கடையை அப்படியே விட்டுவிட்டு வந்து ஒரு சாக்கைத் தூக்கினார். இன்னொன்றை நான் தூக்கினேன். அம்மாவை வருஷக்கணக்காகத் தூக்கிப் படுக்க வைத்த தோள், அது ஒன்றும் பாரமாகத் தெரியவில்லை. தெருவே பார்த்துக்கொண்டு நின்றது, அதுதான் தெரிந்தது.

உன் மேல் எனக்குக் கோபம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். கோபமாக இருந்தால் இதற்குள் ஆறியிருக்கும்.

போகட்டும், மன்றத்து விஷயம் சொல்கிறேன். ஊருக்குக் கட்டடத் திட்டம் வரையும் நகர அமைப்பாளர் சின்ன வயசுப் பெண், பேச்சில் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. நடு ஊரை அப்படியே மரத்தில் சிறிதாகச் செய்து மேஜை மேல் வைத்திருக்கிறாள். ஒரு கட்டை ஒரு மாடி. யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றி வைக்கலாம், ஆனால் மேஜையை விட்டு எடுக்கக் கூடாது. ஊருக்கு இத்தனை வீடுகள் வேண்டும் என்பது முடிவாகிவிட்டது, ஆகவே ஓரிடத்தில் குறைத்ததை இன்னோரிடத்தில் ஏற்றியாக வேண்டும் என்கிறாள். பேக்கரிக்காரரும் இப்போது உறுப்பினர். அவர் தன் கடை எதிரே இருந்த கட்டைகளை எடுத்து என் கடை மேல் அடுக்கினார், நான் தலைவர் வீட்டு மேல் அடுக்கினேன், தலைவருக்கு முகம் சுண்டிப்போய்விட்டது. தலை நரைத்த ஒன்பது பேர் மதியம் முழுக்கக் கட்டை விளையாடினோம். நம் வீடும், தப்பு, உன் வீடும் இருக்கிறது. தீப்பெட்டி அளவு. கூரைச் சரிவைக்கூட விடாமல் செதுக்கியிருக்கிறாள்.

எட்டு மாடி வேண்டாம் என்பவர்கள், வெளிச்சம் போய்விடும், பிள்ளைகள் ஓடியாட இடமில்லாமல் போய்விடும் என்கிறார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வது? நீ பெரிய நகரத்தில் இருக்கிறாய், அங்கே எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று எழுது. இன்னொன்று. சொத்தில் பங்கு உள்ளவர்கள் ஓட்டுப் போடும்போது வெளியே போய்விட வேண்டும் என்பது விதி. எனக்கு அந்த வீட்டில் துரும்புகூடக் கிடையாது என்றால் மன்றச் செயலாளர் நம்ப மறுக்கிறார். அதை நீதான் தீர்த்துவைக்க வேண்டும்.

இப்படிக்கு,
அக்கா

மார்ச் 7

என் அன்பான அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பார்த்ததும் பாதி உயிர் திரும்பி வந்தது. திட்டியிருந்தாலும் எழுதினாயே. பூட்டைப் பாதுகாப்புக்காகத்தான் மாற்றினேன். சரி, விடு. கடைசியில் நாலு சுவர்தானே அக்கா, அதைப் பிடித்துக்கொண்டு தொங்குவதில் என்ன இருக்கிறது?

செயலாளர் விஷயம் முடிந்தது. அந்த வீட்டில் உனக்கு எந்தப் பங்கும் இல்லை, எந்த உரிமையும் இல்லை, இனிமேலும் இருக்காது என்று என் வக்கீல் மன்றத்துக்கே எழுதிவிட்டார். நீ தைரியமாக உட்கார்ந்து ஓட்டுப் போடலாம்.

இங்கே எப்படி என்று கேட்டாயே. இந்த நகரத்தின் நடுவில் ஒரு பெரிய திறந்தவெளி. நாலு மரம், பெஞ்சுகள், தண்ணீர்க் குழாய். அதைச் சுற்றித்தான் உயரமான கட்டடங்கள். எல்லாருக்கும் ஜன்னல் அந்தப் பக்கம் திறப்பதால் உயரத்தைப் பற்றி ஒருத்தரும் முணுமுணுப்பதில்லை. நம் ஊருக்கும் அப்படி ஒன்று வைக்கலாம் என்று சொல்லிப் பார், எதிர்க்கிற நாலு பேரும் வாயை மூடிக்கொள்வார்கள். பழைய சந்தைக் கொட்டகையை இடித்தால் போதுமே. அங்கே கடை வைத்திருப்பவர்கள் கத்துவார்கள்தான். கத்தட்டும். ஊருக்கு நல்லது என்றால் ஒருத்தர் இரண்டு பேருக்கு நஷ்டம் வரத்தான் செய்யும், அதையெல்லாம் பார்த்தால் ஊர் உருப்படாது.

பிள்ளைகள் அத்தையைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள்.

உன் செல்லத் தம்பி,
சின்னவன்

மார்ச் 21

தம்பிக்கு,

வக்கீல் கடிதம் வந்து சேர்ந்தது. செயலாளர் என்னைக் கூப்பிட்டு, ஒரு வரி விடாமல் படித்துக் காட்டினார். எந்தப் பங்கும் இல்லை, எந்த உரிமையும் இல்லை, இனிமேலும் இருக்காது. வக்கீல் நன்றாக எழுதுகிறார்.

திறந்தவெளி யோசனையைச் சொன்னேன். எல்லாருக்கும் பிடித்துப்போய்விட்டது. இத்தனை நாள் எதிர்த்துக்கொண்டிருந்த பேக்கரிக்காரரே, இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றார். எங்கே அமைப்பது என்பது மட்டும்தான் பாக்கி. அடுத்த வாரம் ஓட்டெடுப்பு. நீ எழுதியதை வரிக்கு வரி அப்படியே சொல்லப்போகிறேன், கவலைப்படாதே.

பிள்ளைகளுக்கு என் ஆசி.

அக்கா

ஏப்ரல் 10

அக்கா,

பில்டர் போன் பண்ணினார். முதலில் நான் நம்பவில்லை. திறந்தவெளியை எவனோ என் வீட்டு மேல் கொண்டுவந்து வைத்துவிட்டானாம், சுற்றி மூன்று மூலைக்கும் எட்டு மாடியாம். அந்த எவன் நீதானாமே.

என்னிடமே கேட்டு வாங்கி, என்னையே வைத்து, என் தலையில் கல்லைப் போட்டிருக்கிறாய். கூடப் பிறந்தவளா நீ? அம்மா மேலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருப்பாள். இதற்கு நீ பதில் சொல்லியே ஆக வேண்டும்.

ஜூன் 14

அக்காவுக்கு,

நீ பதில் போடவில்லை. போன கடிதத்தில் கோபத்தில் ஏதேதோ எழுதிவிட்டேன். அதை மறந்துவிடு.

நாங்கள் பார்த்திருந்த வீடு கைநழுவிப் போயிற்று. பெரியவள் என்னோடு பேசுவதில்லை. கூடத்து நாற்காலியில் உட்கார்ந்துதான் படிக்கிறாள், அவளுக்கென்று ஒரு கதவு கிடையாது. உனக்கு அது புரியும்.

திறந்தவெளியைச் சந்தைக் கொட்டகைக்கு மாற்ற இன்னும் வழி இருக்கிறதாம். உறுப்பினர் ஒருவர் கேட்டால் போதுமாம். நீ ஒரு வார்த்தை கேள். அன்றைக்கு நான் செய்தது தப்பு. அந்தச் சாக்குகளை நானே கட்டிப் படியில் வைத்தேன். அம்மாவின் கண்ணாடியை எந்தச் சாக்கில் போடுவது என்று கொஞ்ச நேரம் நின்றேன். அப்புறம் போட்டுவிட்டேன். என்னை மன்னித்துவிடு அக்கா.

சின்னவன்

செப்டம்பர் 5

தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். பதில் தாமதமாகிவிட்டது. உனக்கு அனுப்ப ஒரு பொருள் என்னிடம் இருந்தது, அதற்கு வேளை வரட்டும் என்று காத்திருந்தேன்.

ஓட்டெடுப்பு அன்று என்ன நடந்தது என்று பில்டர் பாதிதான் சொல்லியிருப்பார். சந்தைக் கொட்டகை ஊரின் ஓரத்தில் இருக்கிறது, அங்கே திறந்தவெளி வைத்தால் யார் ஜன்னலும் அதைப் பார்க்காது, நாலு தெருவும் கூடுகிற இடம்தான் சரி என்று அமைப்பாளர் சொன்னாள். ஆனால் அங்கே ஒரு வீடு இருக்கிறதே என்று தலைவர் இழுத்தார். அப்போது நான் எழுந்து நின்றேன். ஊருக்கு நல்லது என்றால் ஒருத்தர் இரண்டு பேருக்கு நஷ்டம் வரத்தான் செய்யும், அதையெல்லாம் பார்த்தால் ஊர் உருப்படாது என்றேன். பெரிய நகரத்தில் இருக்கிற ஒருத்தர் எனக்கு எழுதியது என்றும் சொன்னேன். உன் வார்த்தைக்கு எல்லாரும் தலையாட்டினார்கள்.

உன் மூலைக்கு வைத்திருந்த எட்டு மாடிக் கட்டைகளை நானே எடுத்து, மற்ற மூலைகளில் ஒவ்வொன்றாக அடுக்கினேன். அமைப்பாளர் மெதுவாகக் கேட்டாள்: "அது உங்க வீடு இல்லையாக்கா?"

"இல்லம்மா. வக்கீலே எழுதிக் குடுத்துட்டாரு" என்றேன்.

ஒன்பது கையில் எட்டுக் கை உயர்ந்தது. நானாக உன்னைத் தேடி வரவில்லை, நீயாகத்தான் வந்தாய். அந்த முதல் கடிதத்தைப் படித்த அன்றைக்கே, நான் சாக்கோடு இறங்கிய அந்தப் படியிலிருந்து உன்னையும் இறக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். எப்படி என்பதுதான் தெரியாமல் இருந்தது. அதையும் நீயே எழுதி அனுப்பினாய்.

போன மாதம் வீட்டை இடித்தார்கள். பேக்கரிக்காரர் எனக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். அம்மா படுத்திருந்த அறையின் சுவர் விழும்போது அழுகை வரும் என்று கைக்குட்டை எடுத்துப் போயிருந்தேன். வரவில்லை. வாசல் நிலை சாய்ந்தபோது உன் பூட்டும் அதோடு சேர்ந்து விழுந்தது, பூட்டியது பூட்டியபடியே. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை.

ஜூன் மாதக் கடிதத்தைப் பல தடவை படித்தேன். மன்னித்துவிடு என்று எழுதியிருந்தாய். நிஜமாகவே எழுதியிருக்கலாம். ஆனால் அதற்குச் சில வரி முன்னால் கொட்டகைக்கு மாற்றச் சொல் என்றும் எழுதியிருந்தாய். அந்த வரி இல்லாமல் அந்தக் கடிதம் வந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. இனி அதைத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை. பெரியவளுக்காக மட்டும் வருத்தப்பட்டேன். அவளிடம் அத்தைதான் காரணம் என்று சொல், பரவாயில்லை, எதனால் என்பதையும் சேர்த்துச் சொல்.

இடித்த வீட்டுக்கு உரிய விலையை மன்றம் உன் வக்கீலுக்கு அனுப்பிவிடும். ஒரு பழைய வீட்டுக்கு என்ன தருவார்களோ அதுதான் வரும், எட்டு மாடிக்கெல்லாம் வராது.

இதோடு ஒரு சின்னப் பொட்டலம் இருக்கும். மேஜையில் எல்லாக் கட்டையையும் அடுக்கி முடித்த பிறகு, கூரை செதுக்கிய அந்தத் தீப்பெட்டிக் கட்டை மட்டும் என் கையில் மிஞ்சியது. திருப்பி வைக்கப் போனேன். "அதுக்கு இனிமே இடம் இல்லக்கா, நீங்களே வச்சுக்குங்க" என்றாள் அமைப்பாளர். நான் வைத்துக்கொள்வது முறையில்லை, எனக்கு அதில் உரிமை கிடையாது. ஆகவே உன் வீட்டை உனக்கே அனுப்பியிருக்கிறேன், பத்திரமாக வைத்துக்கொள்.

மரக்கன்றுகள் நட்டாயிற்று. பெஞ்சு அடுத்த மாதம் வரும். எப்போதாவது இந்தப் பக்கம் வந்தால் நீயும் உட்காரலாம். அங்கே கதவும் கிடையாது, பூட்டும் கிடையாது.

இப்படிக்கு,
மருந்துக் கடை மாடியிலிருந்து,
உன் அக்கா