படகில் இவர் பக்கத்து இடம்

ஜன. 5, ஞாயிறு
மூடுபனி. எதிர்க் குவார்ட்டர்ஸ் கூடத் தெரியவில்லை. இவர் குளிக்கப் போன நேரத்தில் இவருடைய போனைத் திறந்து பார்த்தேன். தப்புதான். எழுதிவிட்டேன், பாதிப் பாவம் போயிற்று.

ஒரே ஒரு போட்டோ. யமுனையில் படகு, சுற்றிலும் வெள்ளைப் பறவைகள், நடுவில் கீழ் வீட்டு வசந்தா. பறவைக்குப் போட வாங்கிய சேவ் பாக்கெட்டும் கையுமாக, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாள். அதே பலகையில், ஒட்டினாற்போல, இவர். எங்கள் கல்யாண போட்டோவில் கூட இப்படிச் சிரிக்கவில்லை இந்த மனுஷன்.

வசந்தா நல்லவள்தான். புருஷன் ராணுவம், லடாக்கில். "அக்கா, ஞாயித்துக்கிழம காலைல யமுனா பக்கம் போலாம், அண்ணனையும் கூட்டிட்டு வாங்க" என்று முதலில் என்னைத்தான் கூப்பிட்டாள். "ஐயே, அந்த நாத்தத்துல யாரு வருவா, நீங்க போங்க" என்று அனுப்பி வைத்தது நான். என் வாயை என்ன செய்ய.

ஜன. 7, செவ்வாய்
வெயில் இல்லை. துணி காயவில்லை. சாப்பாட்டு நேரத்தில் இவருடைய ஆற்றுப் பாடம். வஜீராபாத் அணைக்கு மேலே தண்ணீர் நன்றாக இருக்குமாம். கீழே நஜஃப்கர் சாக்கடை வந்து விழுந்ததும் கறுத்துவிடுமாம். பறவைகள் குளிர்காலத்துக்கு மட்டும் சைபீரியாவிலிருந்து.

"யாரு சொன்னா?"

"வசந்தா."

"மேடம் பரீட்ச எப்ப வெக்கிறாங்க?"

இவர் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். ரசத்தில் இரண்டு தடவை உப்பு.

எங்கள் பெண் கை தட்டுகிறாள்: "அம்மாவுக்கு ஜலன்! ஜலன்!" பொறாமையாம். தமிழில் சொல்லத் தெரியாது, கண்டுபிடிக்க மட்டும் தெரியும்.

ஜன. 11, சனி
நாளை யமுனைக்கு நானும். சொன்னதும் இவர் முகத்தில் வந்தது சந்தோஷமா, திகைப்பா, தெரியவில்லை.

எடுத்துப்போக: ஸ்வெட்டர். இவர் மப்ளர். ஃபிளாஸ்கில் காபி. டம்ளர் இரண்டு, இரண்டே இரண்டு.

கடைச் சேவ் வேண்டாம். ஒரு டப்பா ஓமப்பொடி பிழிந்தேன். பறவைக்காவது கைப்பக்குவம் தெரியட்டும்.

இவர் பக்கத்து இடம் எனக்கு. அவ்வளவுதான் வேண்டும்.

ஜன. 12, ஞாயிறு
படித்துறையில் ஒரே கூட்டம். கல்யாணம் ஆகப்போகும் ஜோடி ஒன்று போட்டோ எடுக்க. மேலே ஜரிகை, கீழே சேறு. நாற்றம் உண்டு. கொஞ்ச நேரத்தில் மூக்கு மறந்துவிட்டது. பறவைகள், ஐயோ, அழகு!

படகோட்டி என்னை ஏற இறங்கப் பார்த்தான். நான் தனியாக ஒரு முனை, அவர்கள் இரண்டு பேரும் மறு முனை என்றான். அப்போதுதான் பேலன்ஸாம்.

"அண்ணே, நான் அவர் பொண்டாட்டி" என்றேன் ஹிந்தியில்.

"படகுக்கு அது தெரியாது, ஆன்ட்டிஜி."

தனியாக உட்கார்ந்தேன். பறவை எல்லாம் என் ஓமப்பொடிக்குத்தான் வந்தன. யார் பார்த்தார்கள்? அந்த முனையில் வசந்தா இவரிடம் ஏதோ சொன்னாள். இவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"என்ன ஜோக்கு? எனக்கும் சொல்றதுதானே?"

"கேக்கல!" என்றார் இவர்.

கேட்கும் தூரத்துக்குப் போகலாம் என்று எழுந்தேன். நடு ஆறு. "உட்காருங்க, உட்காருங்க!" என்று படகோட்டி அலறினான். படகு சாய்ந்தது. உட்கார்ந்தேன், வசந்தா மடியில்.

இனி ஒருத்தரும் அசையக் கூடாது என்று சொல்லிவிட்டு, படகோட்டி என் இடத்துக்குப் போய் உட்கார்ந்து துடுப்புப் போட்டான். கரை வரும்வரை வசந்தா மடியிலேயே இருந்தேன். இவர் பக்கத்தில்தான்.