கருவாட்டுத் தவக்காலம்

டோர்செட் பார்க், ஸ்காபரோ
குருத்தோலை ஞாயிறு

அன்புள்ள மகள் வேரோனிக்காவுக்கு,

ஒசாக்காவில் நீ சுகமாயிருக்க அம்மாவும் நானும் மன்றாடுகிறோம். தொலைபேசியில் பேசினால் சொல்லவந்ததை விட்டுவிடுவேன் என்பது உனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். அம்மா இதைப் படம் எடுத்து உன் வாட்ஸ்அப்புக்கு அனுப்புவாள். ஒழுங்கு இது:

1. உன் ஆய்வுக் கட்டுரை
2. கருவாடு
3. என் நெஞ்சு
4. நீ வரத் தேவையில்லை என்பது

கட்டுரையை நூலகத்தில் அச்செடுத்தேன். யப்பானியப் பெரியவர்களின் சாப்பாட்டுப் பழக்கத்தையும் இருதய நோயையும் பற்றி, அவர்களுடைய நாட்டிலேயே இருந்து என் பிள்ளை எழுதியிருக்கிறாள். எழுதியவர்களின் வரிசையில் முதலாவதாக உன் பெயர், அதன் பின்னால் குடும்பப் பெயராக என் பெயர். புள்ளிவிபரம் முழுவதும் விளங்கியது என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த முதல் வரியை அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன்.

மீன் சாப்பிடுகிறவர்களின் இருதயம் பற்றிய பகுதி என்னைப் பிடித்துக்கொண்டது. தவக்காலத்தில் எப்படியும் நம் வீட்டில் இறைச்சி இல்லை. நாள்தோறும் மீன் என்று தீர்மானித்தேன். பனிக்குள் பஸ் ஏறிப் போய் மீன் வாங்கப் பயமாக இருந்தது. பக்கத்துத் தமிழ்க் கடையில் கருவாடு இருந்தது. சிலுவைப்பாதை முடிந்து கோவில் மண்டபத்தில் கஞ்சி குடிக்கும்போது, கூட்டங்களில் வாய் திறக்காத நான் எழுந்து நின்று உன் கட்டுரையை விளக்கினேன். பஸ்ரியன் அண்ணை அடுத்த நாளே ஒரு பெட்டி கட்டா மீன் கருவாடு வாங்கிவிட்டார். இந்த முறை தவசு இருக்கிற மாதிரியே தெரியவில்லை என்று எனக்கு நன்றியும் சொன்னார்.

உப்பைப் பற்றியும் நீ எழுதியிருந்தாய்: அவர்களுடைய சூப், ஊறுகாய், உப்பிட்ட மீன். அந்தப் பக்கத்தையும் வாசித்தேன். அது யப்பானியருடைய பிரச்சினை என்று நினைத்துத் தாளைப் புரட்டினேன். வாழ்நாளெல்லாம் இரசாயனம் படிப்பித்தவன் நான். அம்மாதான், "பிள்ளை மீன் எண்டெல்லோ எழுதினவள், உப்பு மூட்டை எண்டே எழுதினவள்?" என்று கேட்டாள். பஸ்ரியன் அண்ணைக்கு இப்போது நானே போன் எடுத்து நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

பயப்படாமல் அடுத்ததை வாசி. பிரஷர் ஏறி, பூசைக்கிடையில் தலை சுற்றியது. டொக்டரிடம் போனேன். அவர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். இருதயத்துக்குப் போகும் மூன்று இரத்தக் குழாய்களில் அடைப்பு. அது பழைய அடைப்பு, கருவாட்டின் வேலையல்ல என்றார்கள். ஆனால் கருவாடு இல்லாவிட்டால் நான் டொக்டரிடம் போயிருக்கமாட்டேன். சுற்றிவளைத்துப் பார்த்தால் உன் கட்டுரைதான் என்னை அங்கே கொண்டுபோய் விட்டது. ஈஸ்டருக்கு அடுத்த வியாழக்கிழமை பைபாஸ் செய்கிறார்கள்.

அதைச் செய்யப்போகிற சத்திரசிகிச்சை நிபுணர் என் சாப்பாட்டைப் பற்றி விசாரித்தார். விளக்கத் தெரியாமல், பையிலிருந்த உன் கட்டுரையை எடுத்து நீட்டினேன். அவர் நின்றபடியே இரண்டு பக்கம் வாசித்தார். பிறகு முதல் பெயரில் விரல் வைத்து, இது யார் என்று கேட்டார். ஆங்கிலம் வாயில் வரவில்லை. "என்ர பிள்ளை" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவருக்கு விளங்கிவிட்டது. கைகொடுத்தார்.

இனி நாலாவது. அதே வியாழக்கிழமை நீ ரோக்கியோவில் கட்டுரை வாசிக்கவேண்டும். அவ்வளவு பெரிய சபையில் நம்மவர்களில் எத்தனை பேர் நின்றிருப்பார்கள்? அம்மா விமான நேரங்களைத் தேடிக்கொண்டிருந்தாள், நான் ஏசினேன். அம்மா இருக்கிறாள், கோவில் ஆட்கள் இருக்கிறார்கள், எனக்கு ஒரு குறையும் இல்லை. நீ வரத் தேவையில்லை.

எழுதியதை வழக்கம்போல முதலிலிருந்து சரிபார்த்தேன். நீ பயணம் போன ஒவ்வொரு முறையும் விமான நிலையத்தில் உன் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பியிருக்கிறேன். இந்த முறை போகிறவன் நான். முதல் மூன்றும் சரி. நாலாவது பிழை, பிள்ளை.

ஆண்டவர் உன் வழியெல்லாம் கூட வருவாராக.

அன்புடன் அப்பா,
யேசுரட்ணம்