நாற்பத்தெட்டு என்று எழுதிய அட்டை

ஜூலை 6, சனி

இந்தக் குளிர்காலத்துக்கு மூன்றாவது ஜோடி பனிச்சறுக்கு ஸ்கீ வந்துவிட்டது. விறகு அடுப்புக்குப் பக்கத்தில், விருந்தாளியை உட்கார வைப்பதுபோல அப்பா அதைச் சாய்த்து வைத்திருக்கிறார். "இது எல்லாப் பனிக்கும் ஒத்துவரும்மா. ஐஸா இருந்தாலும் சரி, கஞ்சியா உருகிக் கிடந்தாலும் சரி, தைரியமா நிக்கலாம்." முதல் ஜோடிக்கும் இதையேதான் சொன்னார்.

இன்று மலைமேல் இழுத்துப்போகும் கயிற்றிலிருந்து மறுபடி விழுந்தேன். ஓடுகிற கயிற்றை இரும்புக் கவ்வியால் பிடித்துக்கொண்டு பாதி மலை ஏறியிருப்பேன், இடது ஸ்கீ கழன்றுபோனது. கவ்வியை விட்டேன். பின்னால் வந்த ஆறு பேரும் விட வேண்டியதாயிற்று. அப்பா மேலே மீட்புக் குடிசை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கி வந்து, உன் மேல் தப்பில்லை, ஸ்கீதான் சரியில்லை என்றார்.

ஸ்கீயில் ஒரு தப்பும் இல்லை. எனக்குத் தெரியும். எங்கேயாவது எழுதாவிட்டால் மூச்சு முட்டிவிடும். போர்வைக்குள் நெற்றி விளக்கு சுடுகிறது. அப்பா நாலரைக்கு எழுந்துவிடுவார். நாளை எழுதுகிறேன்.

ஜூலை 7, ஞாயிறு

ஜூனில், பெவ்வின் வாடகை ஸ்கீ கடையில். ரெவிதான் அங்கே பூட்ஸை ஸ்கீயோடு பிடித்துக்கொள்ளும் பூட்டுகளை அளந்து இறுக்குகிறவர். அட்டையை எடுத்துக்கொண்டு வயது, உயரம், பூட்ஸ் அளவு கேட்டார். பிறகு எடை.

எனக்குப் பின்னால் டில்டா நின்றிருந்தாள். எங்கள் பள்ளி அணி. போன வருடம் கயிறு எங்கே தொய்ந்தாலும், "கயிறு தொங்குது பாருங்கடி, மெரின் ஏறிட்டா" என்பாள். வரிசையே சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

"நாற்பத்தெட்டு" என்றேன்.

ரெவி நிமிர்ந்து பார்த்தார். எனக்கு மட்டும் கேட்கிற குரலில், "சரியாத்தானே சொல்றே? இதை வச்சுத்தான் பூட்டை இறுக்குவேன்" என்றார்.

"நாற்பத்தெட்டுதான்."

எழுதிக்கொண்டார். அந்தக் கடையில் தராசு கிடையாது. பெண் பிள்ளைகள் அதைப் பார்த்து வாசலோடு திரும்பிப் போகிறார்கள் என்று பெவ் எடுத்துவிட்டார். அப்பா வண்டியை அணைக்காமலே உள்ளே வந்து, படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

அப்பா எத்தனை ஜோடி மாற்றினாலும் அந்த அட்டையைப் பார்த்துத்தான் தருகிறார்கள். நீளம், விறைப்பு, பூட்டின் இறுக்கம் எல்லாமே. எடை குறைவென்றால் பூட்டும் தளர்வு. யாரோ ஒரு ஒல்லிப் பெண்ணின் ஸ்கீயில் நான் மலையிறங்கிக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 10, புதன்

குளியலறைத் தராசில் ஏறினேன். அறுபத்தொன்று. இறங்கி, மறுபடி ஏறினேன். அறுபத்தொன்று.

ஜூலை 14, ஞாயிறு

முகவாயில் ஐந்து தையல்.

ராத்திரி காற்றடித்து, தெற்குச் சரிவு முழுக்கப் பனி மேலே ஓடாக இறுகியிருந்தது. ஒரு திருப்பத்துக்கு ஓடு தாங்கும், அடுத்ததில் உடைந்து முழங்கால்வரை இறங்கும். மூன்றாவது திருப்பத்தில் வலது ஸ்கீ கழன்றது. மற்றது எப்போது கழன்றதென்று தெரியவில்லை. மல்லாந்து வழுக்கிக்கொண்டே போனேன். வானம் மட்டும் தெரிந்தது. பிறகு பாறை.

அப்பாதான் முதலில் வந்து சேர்ந்தார். இருபது வருடமாக மலையில் ஆட்களைத் தூக்குகிறவர். என் ஹெல்மெட் பட்டையைக் கழற்ற அவர் விரல்களுக்கு வரவில்லை.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய் முழுக்க ரத்தம், அதனால்தான் சொல்லவில்லை என்று எழுதலாம். அது இன்னொரு பொய்.

ஜூலை 15, திங்கள்

அப்பா கடைக்குப் போய் அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்திருக்கிறார். வந்ததும் என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"நாற்பத்தெட்டுன்னு எழுதியிருக்கு. நீ என்னம்மா சொன்னே?"

கோபமாகக் கேட்டிருந்தால் உளறியிருப்பேன். மெதுவாகக் கேட்டார்.

"அறுபத்தொண்ணுன்னுதான் சொன்னேன்."

அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். எழுந்து போய் வண்டியை எடுத்தார். நான் ஏன் அப்படிச் சொன்னேன்? ஏன் சொன்னேன்?

ஜூலை 17, புதன்

சாப்பாட்டு மேஜையில் அப்பா சொன்னது: ரெவி எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லையாம். "நான்தான் தப்பாக் காதுல வாங்கியிருப்பேன்னு சொல்றான்மா. பிள்ளை பாறையில மோதியிருக்கு, காதுல வாங்கலையாம்."

வெள்ளிக்கிழமையோடு ரெவியை நிறுத்திவிடுவதாக பெவ் சொல்லிவிட்டார். மலை மீட்புக் குழுத் தலைவரான அப்பாவே புகார் சொன்ன பிறகு எந்தக் கடைக்காரர் வைத்துக்கொள்வார்? ரெவிக்கு ஏழு மாதக் குழந்தை. கடை மேஜைக்கடியில் கூடையில் தூங்கும். ஒரு தடவை என் விரலைப் பிடித்திருக்கிறது.

அவர் தப்பாகக் கேட்கவில்லை. இரண்டு தடவை கேட்டார். டில்டா முன்னால் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அப்பா முன்னாலும் காட்டிக்கொடுக்கவில்லை.

கொத்துக்கறியைத் தட்டில் ஒதுக்கி வைத்தேன். தையல் வலிக்கிறது என்றேன்.

ஜூலை 20, சனி

நான்காவது ஜோடி. அறுபத்தொன்றுக்கு அளந்தது. முன்னதைவிட ஒரு சாண் நீளம், நல்ல விறைப்பு. ரெவி தன் கடைசி நாளில் இறுக்கிக் கொடுத்ததாம்.

காலையில் கண்ணாடி ஐஸ். ஸ்கீயின் இரும்பு ஓரம் அதைக் கடித்துக்கொண்டு நின்றது. பத்து மணிக்கு அதே ஓட்டுப் பனி. உடைந்தது, ஆனால் ஸ்கீ உள்ளே புகுந்து மறுபக்கம் வெளியே வந்தது, என்னையும் கூட்டிக்கொண்டு. மத்தியானம் எல்லாம் உருகிக் கஞ்சியானது. அதிலும் முங்கவில்லை. கயிற்றில் ஏழு தடவை ஏறினேன். ஒரு தடவைகூட விழவில்லை.

"நான் சொன்னேன்ல? ஸ்கீதான்" என்று அப்பா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்று வாரமாக ஆசைப்பட்டது இதுதான். ஒவ்வொரு திருப்பமும் நன்றாக வந்தது. நன்றாக வர வர ரெவியின் ஞாபகம்தான் வந்தது. கீழே வந்து, கழிப்பறைக் கொட்டகைக்குப் பின்னால் வாந்தி எடுத்தேன்.

ஜூலை 28, ஞாயிறு

ரெவி ஒரு பண்ணையில் வைக்கோல் கட்டு ஏற்றுகிறாராம். டில்டாதான் சொன்னாள். "உன்னால பாவம் அந்த ஆளு" என்றாள். விளையாட்டுக்குத்தான் சொன்னாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

ஆகஸ்ட் 3, சனி

சொல்லிவிட்டேன்.

ராத்திரி முழுக்கப் பனி கொட்டியிருந்தது. மலைச்சாலைத் திருப்பத்தில் அப்பா மண்டியிட்டுச் சக்கரத்துக்குச் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தார். அவர் முகம் தெரியாத இடம் அதுதான்.

"அப்பா, ரெவிகிட்ட நாற்பத்தெட்டுன்னுதான் சொன்னேன். ரெண்டு தடவை கேட்டாரு. ரெண்டு தடவையும் அப்படித்தான் சொன்னேன்."

சங்கிலிச் சத்தம் நின்றது. பிறகு கொக்கியை மாட்டி முடித்தார். எழுந்து கையுறையைத் தட்டினார். என்னைப் பார்க்கவில்லை.

"அவனை நான் என்ன கேள்வி கேட்டேன் தெரியுமா" என்றார். இவ்வளவு பனி விழுந்த காலையில் அவர் இல்லாமல் மேல் சரிவைத் திறக்க முடியாது. ஆனாலும் ரேடியோவில் தாமதமாகும் என்று சொல்லிவிட்டு வண்டியைக் கடைப் பக்கம் திருப்பினார்.

பெவ் முன்னால் என்னையே சொல்ல வைத்தார். பிறகு அப்பாவும் சொன்னார்: "படிக்காம கையெழுத்துப் போட்டவன் நான்."

ரெவி இடத்துக்கு வேறு ஆளுக்குச் சொல்லியாகிவிட்டது, பார்க்கிறேன் என்றார் பெவ்.

ஆகஸ்ட் 17, சனி

நான்காவது ஜோடியைச் சொந்தமாகவே வாங்கினோம். சொந்த ஸ்கீ என்றால் புது அட்டை எழுத வேண்டும்.

மேஜையில் மறுபடி ரெவி. அடியில் கூடை. என்னைப் பார்த்து அவர் சிரிக்கவில்லை. வயது, உயரம், பூட்ஸ் அளவு கேட்டார். பின்னால் வரிசையில் டில்டா, அணியில் பாதிப் பேர்.

குரலைத் தாழ்த்தினார், போன தடவை மாதிரியே. "எடை?"

"அறுபத்திரண்டு" என்றேன், காலையில் தராசு காட்டியதை. கடை முழுக்கக் கேட்டிருக்கும்.

எழுதிக்கொண்டார். அப்பா அட்டையை வாங்கி, வண்டியை அணைத்துவிட்டு வந்திருந்ததால் அவசரமில்லாமல், ஒவ்வொரு வரியாகப் படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

ரெவி திருப்புளியை எடுத்தார்.