சாவி யாரிடம் இருந்தது

ஸ்ரீவில்லிபுத்தூர்
8-11-1943

அன்புள்ள அத்தானுக்கு,

கர்த்தர் கிருபையால் நானும் மகள் அன்னாளும் சுகம். நெசவாளிகளுக்கு அளந்து கொடுக்கிற நூலைக் கள்ளச் சந்தைக்குக் கேட்டுத் தரகர் சமுத்திரம் உங்களை வளைய வருவதாக எழுதியிருந்தீர்கள். நூல் வைத்திருக்கிற கிட்டங்கிச் சாவி உங்கள் கையில் இருக்கிறவரை விடமாட்டார். ஜெபம் மட்டும் போதாது அத்தான். அவரிடம் தனியாகப் பேசாதீர்கள். காவல்காரச் சங்கையாவைக் கூடவே நிறுத்திக்கொள்ளுங்கள். எதைக் கொண்டுவந்தாலும் பார்ப்பதற்குக்கூடக் கையில் வாங்காதீர்கள்.

இங்கே கண்ட்ரோல் கடையில் துணியே இல்லை. கிழிந்த சேலையோடு எப்படிப் போவது என்று மூன்று வாரமாக ஞாயிறு ஆராதனைக்குக் கோவிலுக்குப் போகவில்லை. நீங்களும் எட்டிப் பார்ப்பதில்லை.

தேவகிருபை

ராஜபாளையம்
20-11-1943

அன்புள்ள கிருபைக்கு,

நீ சொன்னபடியே செய்கிறேன். நேற்றுச் சமுத்திரம், "ஏலே, செத்த நேரம் வெளிய போ" என்று சங்கையாவை விரட்டிப் பார்த்தான். "எங்க ஐயா சொன்னாத்தான் போவேன்" என்று அவன் அசையவில்லை. உன்னைப் போல ஒருத்தி வாய்த்தது என் பாக்கியம்.

வேதசிரோமணி

ஸ்ரீவில்லிபுத்தூர்
28-12-1943

அன்புள்ள அத்தானுக்கு,

கிறிஸ்துமஸ் ஆராதனைக்குப் புதுச் சேலை உடுத்திப் போனேன். சமுத்திரம் அண்ணாச்சிதான் கொண்டுவந்தார். "பாத்துட்டுத் திருப்பிக் குடுத்திரு தாயீ" என்றார். பார்த்த பிறகு மனசு வரவில்லை. உங்களிடம் ஒன்றும் கேட்கமாட்டாராம். கோபப்படாதீர்கள்.

தேவகிருபை

ராஜபாளையம்
9-1-1944

கிருபைக்கு,

கேட்டுவிட்டான். "வீட்டம்மா வாங்கி உடுத்திட்டாவ, பொறவு என்ன வீம்பு? ஊருக்குச் சொல்லட்டுமா?" என்றான். உன் பேர் கெட்டுவிடுமே என்று பயந்து ஒரு பேல் கட்டு நூலை வெளியே விட்டேன். வழியில் பிடித்துவிட்டார்கள். காவல்காரன்தான் திருடியிருப்பான் என்று போலீஸ் சங்கையாவைக் கொண்டுபோயிருக்கிறது. அவனுக்கு ஒன்றுமே தெரியாது. புதன்கிழமை ஸ்டேஷனுக்குப் போய் உண்மையைச் சொல்லப் போகிறேன்.

வேதசிரோமணி

ஸ்ரீவில்லிபுத்தூர்
10-1-1944

அத்தான்,

போகாதீர்கள், உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். சங்கையா ஒற்றை ஆள், பெண்டாட்டி பிள்ளை கிடையாது. நமக்கு அன்னாள் இருக்கிறாள். நான் பொய் சொல்லச் சொல்லவில்லை. சும்மா மட்டும் இருங்கள்.

தேவகிருபை

ராஜபாளையம்
3-2-1944

தேவகிருபைக்கு,

சும்மாதான் இருந்தேன். இன்று கோர்ட்டில் சங்கையா கைகூப்பி, "எங்க ஐயாவைக் கேளுங்க சாமி. அவிய வேதக்காரவிய, பொய் சொல்ல மாட்டாவ" என்றான். உடனே என்னைக் கூப்பிட்டார்கள். வேதப்புத்தகத்தில் கை வைத்து, அன்றைக்குச் சாவி அவனிடம்தான் இருந்தது என்று சொன்னேன். ஆறு மாதம் போட்டார்கள். வண்டியில் ஏற்றும்போதும் என்னைப் பார்த்துக் கும்பிட்டான். ஏதோ தவறிச் சொல்லிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டானோ என்னவோ.

அன்னாளை நன்றாகப் பார்த்துக்கொள். நான் வீட்டுக்கு வரமாட்டேன்.

வேதசிரோமணி