மேடு இல்லாத வழி

என்னங்க,

"பொண்ணு வீட்டுக்கு சைக்கிள்லதான் போவேன், நான் என்ன சீக்காளியா?" என்று நேற்று கத்தினீர்களே, எனக்கு மனசு இன்னும் ஆறவில்லை. நெஞ்சுவலி வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. வரைபடத்தில் நீங்கள் பென்சிலால் போட்ட வழி நேராக மலைமேட்டில் ஏறுகிறது. அதை அழித்துவிட்டுக் கால்வாய் ஓரமாகப் போட்டிருக்கிறேன். ஒன்பது கிலோமீட்டர் கூடுதல், ஆனால் ஒரே சமதளம். பாலம் வந்தால் மட்டும் வீம்பு பிடிக்காமல் இறங்கித் தள்ளுங்கள்.

சாப்பாடு மேசைமேல் இருக்கிறது. மாத்திரையைச் சட்டைப் பையில் வைத்துவிட்டேன்.

பி.கு.: சைக்கிள் சாவியை எடுத்துக்கொண்டுதான் ஆஸ்பத்திரி வேலைக்குக் கிளம்பினேன். பஸ் நிறுத்தம்வரை போய், மனசு கேட்காமல் திரும்பி வந்து இந்தச் சீட்டின் மேல் வைத்திருக்கிறேன். போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுங்கள். வார்டில் இருந்தாலும் எடுப்பேன்.