அது காய்ச்சல் இல்லை

அண்ணே,

எதிர்வீட்டு ஸ்டெல்லா அக்கா இன்று காலை அண்டாத் தண்ணீரில் வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்திருந்தார். அவர் மகனுக்கு அம்மை இறங்கித் தலைக்கு ஊற்றும் நாள். சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர் வீடுதான், ஆனாலும் வேப்பிலையை விடமாட்டார்கள். அந்தக் கசப்பு வாசனை தெருவைத் தாண்டி வந்ததும் நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

இதே வாசனை நம் வீட்டில் அடித்தது, உனக்குச் சிங்கப்பூர் விசா வந்திருந்த சமயம். நீடாமங்கலத்தில் வீட்டுக்கு ஒருவர் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து உனக்கு அம்மை போட்டது. அம்மா வாசலில் வேப்பிலை செருகினாள். மூன்றாவது தண்ணீர் ஊற்றிய மறுநாளே நீ வெல்டிங் பட்டறைக்குக் கிளம்பிவிட்டாய். "படுத்துக் கெடந்தது போதும் பாப்பா, கை துருப்பிடிச்சுடும்" என்றாய்.

ஒரு வாரத்தில் கடைத்தெருவிலிருந்து சைக்கிள் மிதித்து வரவே உனக்கு மூச்சு வாங்கியது. நெஞ்சு கனக்கிறது என்றாய். வாயுதான் என்று அம்மா ஓமத் தண்ணீர் கொடுத்தாள். ஊர் டாக்டரிடம் நானும் கூட வந்தேன். சட்டைக்கு மேலேயே குழாயை வைத்துப் பார்த்தவர், "சமீபத்துல காய்ச்சல் கீய்ச்சல் வந்துச்சா?" என்று கேட்டார்.

"இல்லீங்க சார்" என்றாய்.

நீ பொய் சொல்லவில்லை. மாரியாத்தா வந்து போனதைக் காய்ச்சல் என்று நம் வீட்டில் யார் சொல்லியிருக்கிறார்கள்? அனலாகக் கொதித்த உன் நெற்றியைத் தொட்டுப் பார்த்த எனக்கும் அது காய்ச்சலாகப் படவில்லை. மாத்திரையை வாங்கிக்கொண்டு நீ மறுபடி பட்டறைக்குப் போனாய்.

தஞ்சாவூருக்கு உன்னை வேனில் கொண்டுபோனபோது உன்னால் படுக்க முடியவில்லை. உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் தவித்தாய். ஈ.சி.ஜி.யைப் பார்த்துவிட்டு, மாரடைப்பு மாதிரி இருக்கிறது, ஆனால் இந்த வயதிலா என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். ரத்தம் எடுத்தார்கள். எக்கோவில் உன் இதயம் பெருத்து, சோர்ந்து அடிப்பது தெரிந்தது. காரணம்தான் பிடிபடவில்லை. மறுபடி அதே கேள்வி, அதே "இல்லீங்க". அப்புறம்தான் டாக்டரம்மா உன் சட்டையை விலக்கினார். மார்பில் இன்னும் உதிராத பொருக்குகள்.

"இது என்ன?"

"அம்மை போட்டுருந்துச்சுங்க. தண்ணி ஊத்தியாச்சு" என்றேன்.

அவர் திட்டவில்லை. அந்தக் கிருமி சிலருக்கு இதயத் தசையையும் தாக்கும், தசை வீங்கிவிடும் என்று பொறுமையாகச் சொன்னார். "மொதல்லயே தெரிஞ்சிருந்தா வேலைக்கு விட்டுருக்க மாட்டோம்மா. படுக்க வச்சுருப்போம்."

நீ சிங்கப்பூரும் போகவில்லை, வீட்டுக்கும் வரவில்லை.

எனக்கு இன்னும் ஆறவில்லை, அண்ணே. யாருக்கும் புரியாத நோய் என்றால்கூட மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். கேட்கத் தெரிந்தவர்கள் கேட்டார்கள். அவர்கள் கேட்ட சொல்லுக்கு நம்மிடம் வேறு பொருள் இருந்தது.

சாத்திய கதவை இன்று நானே திறந்துகொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன்.

"அக்கா, தம்பிய கொஞ்ச நாளைக்கு மேட்ச் ஆட விடாதீங்க. மூச்சு வாங்குது, நெஞ்சு கனக்குதுன்னா ஒடனே கூட்டிட்டுப் போங்க. காய்ச்சல் வந்துச்சான்னு டாக்டர் கேட்டா, வந்துச்சுன்னு சொல்லுங்க."

ஸ்டெல்லா அக்கா தண்ணீரில் கை வைத்துச் சூடு பார்த்தபடியே என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அது காய்ச்சல் இல்லையே, அம்மைதானே?"

"ஆமாக்கா" என்றேன். "இருந்தாலும் சொல்லுங்க."